மச்சாளின் ஏணை

என் கணவரின் அக்கா ஜெர்மனியிலிருந்து வரப்போகிறார் என்றதும் நான் முதல் வேலையாக முன்னறையை ஒழித்தேன். அங்கே கிடந்த நெல்மூட்டைகளைப் பின்பத்திக்கு மாற்றினோம். சுவருக்கு வெளிர்பச்சை அடித்தோம். கிளிநொச்சிக் கடையொன்றில் கையால் அழுத்தியும் ஏறி உட்கார்ந்தும் பார்த்து ஒரு மெத்தை எடுத்தேன். உழவுக்கு வைத்திருக்கும் லாண்ட்மாஸ்டரின் பெட்டியில் அதை ஏற்றி, புழுதி படாமல் தார்ப்பாய்ப் படங்கால் சுற்றி, எங்கள் ஊர் அக்கராயன் வந்து சேரும்வரை பக்கத்தில் இருந்து பிடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் மெத்தை அது. நாங்கள் இருவரும் பாயில் படுப்பவர்கள்.

மச்சாள் ஆடி மாதம் வந்தார். சோளகம் உரத்து வீசிக்கொண்டிருந்தது. அறுபதைத் தாண்டியவர், கட்டையாக வெட்டிய நரைமுடி, நடையில் மட்டும் ஒரு அவசரம். என் கலியாணத்துக்கு வந்து போனபின் அவரும் நானும் தொலைபேசியில்தான் பழகியிருந்தோம். அறையைக் காட்டினேன். மெத்தையைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"எனக்கெண்டோ வாங்கினனீர்?"

"ஓம் மச்சாள். நீங்கள் மெத்தையில படுத்துப் பழகின ஆள் எல்லோ."

அவர் சிரித்தார். பொழுதுபடும் நேரம் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக் கை கழுவியபின், ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். உரித்த தேங்காய் அளவுதான் இருக்கும். வாயைத் திறந்து இழுக்க இழுக்க உள்ளேயிருந்து துணி வந்துகொண்டே இருந்தது. மழைக்கோட்டுத் துணிபோல மெல்லியது, கரும்பச்சை நிறம். இரண்டு முனையிலும் கொழுக்கி. அதோடு இரண்டு அகலமான பட்டிகள், ஒரு நுளம்புவலை, மேலே கட்டுவதற்கு ஒரு சின்னப் படங்கு.

கிணற்றடியில் நின்ற இரண்டு தென்னைகளை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"அதில வேண்டாம் மச்சாள், தேங்காய் விழும்!"

"ஓம் என்ன, மறந்துபோனன். அங்கத்தைக் காட்டில தேங்காய் இல்லைத்தானே."

பிறகு மாமரத்துக்கும் வேம்புக்கும் இடையில் நின்று பார்த்தார். மாமரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். "இது ஆளைத் தாங்குமோ? எத்தினை வயசு?"

"முகாமில இருந்து திரும்பி வந்து கொட்டில் போட்ட கிழமை நட்டது, ரெண்டும்," என்றார் என் கணவர்.

மச்சாள் மரத்தை இரண்டு உள்ளங்கையாலும் வளைத்துப் பிடித்துப் பார்த்தார். ஒரு கையின் விரல்கள் மற்றக் கையை எட்டவில்லை. "அப்ப தாங்கும்," என்றார். நாங்கள் அந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம், மாங்காய் பறித்திருக்கிறோம். அவை ஒரு ஆளைத் தாங்குமளவுக்குப் பருத்துவிட்டன என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

பட்டிகளைச் சுற்றி, துணியைக் கொழுவி, மேலே படங்கை இழுத்துக் கட்டினார். பிள்ளைகளுக்குச் சேலையில் கட்டும் ஏணையைப் பெரிதாக்கிப் படுக்கப்போட்டது போல இருந்தது. "அக்காவுக்கு ஏணை கட்டியாச்சு. இனித் தாலாட்டுத்தான் பாக்கி," என்றார் கணவர். அவர் சொன்ன அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது மெத்தை உள்ளே விரித்தபடி கிடக்க, விருந்தாளி முற்றத்தில் தொங்குகிறார். பாம்பு பூச்சி வரும் என்றேன். "பாம்பு கீழால போகும், நான் மேலால கிடப்பன்," என்றார். விடியப் புறம் நான் எழும்பிக் கோழிக்கூட்டைத் திறக்கப் போனபோது, வலைக்குள்ளே, துணிக்கு வெளியே ஒரு கால் மட்டும் தெரிய, வாய் சற்றுத் திறந்தபடி நல்ல நித்திரையில் இருந்தார். கோழிகள் அவருக்குக் கீழே புகுந்து கிளறின. அவர் அசையவேயில்லை.

வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள்.

"என்ன, உங்கட மச்சாள் வெளியில படுத்திருக்கிறா? ஏதும் கோவமோ?"

"சீச்சீ, அவாக்குக் காத்து வேணுமாம்," என்றேன். அவள் நம்பவில்லை. நான் சொன்னது எனக்கே நம்பும்படியாக இல்லை.

மூன்றாம் நாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அடக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"மச்சாள், அறையில என்ன குறை? சொல்லுங்கோ, செய்து தாறன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "அறையில ஒரு குறையுமில்லை. குறை என்ர முதுகில. முதியோர் இல்லத்தில முப்பது வருசமாய் ஆக்களைத் தூக்கிப் பிரட்டின முதுகு. கட்டிலில படுத்தா விடியுமட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பிறதுதான் வேலை. என்னோட வேலைசெய்த ஒரு பெட்டை ஒருக்கால் காட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் இதில படுக்க வைச்சவள். அண்டைக்குத்தான் நான் திரும்பாமல் படுத்தனான். இப்ப அங்க வீட்டுக்குள்ளயும் சுவரில கொழுக்கி அடிச்சுக் கட்டித்தான் படுக்கிறன்."

"வீட்டுக்குள்ளயோ?"

"ஓம். கட்டிலை ஆருக்கோ குடுத்திட்டன்."

என் மனதில் கிடந்த கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. முன்பே சொல்லியிருந்தால் மெத்தை வாங்கியிருக்கமாட்டேனே என்றேன். "நீர் அவ்வளவு ஆசையாய்க் காட்டேக்க எப்பிடிச் சொல்லுறது?" என்றார்.

அதன்பிறகு என்னையும் படுத்துப் பார்க்கச் சொல்லி நச்சரிக்கத் தொடங்கினார். நான் மாட்டேன் என்றேன். பகலில் படுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இரவிலும் நான் காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிற ஆள். நாய் குரைத்தால், கேற் அசைந்தால், தூரத்தில் வாகனம் நின்றால் எழும்பி உட்கார்ந்துவிடுவேன். போரில் ஓடித் திரிந்த வருடங்களில் பழகியது அது. ஓட்டம் நின்றபின்னும் காது மூடவில்லை. அதைவிட, முற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரி பார்க்க நான் ஏணையில் ஆடுவதா?

"அப்ப ஆரும் அறியாத இடத்துக்குப் போவம்," என்றார் மச்சாள்.

ஒரு நாள் காலை சோறும் கத்தரிக்காய்ப் பொரியல்கறியும் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஓட்டோவில் இரணைமடுக் குளத்துக்குப் போனோம். வாகனங்கள் நிற்கும் பக்கத்தைவிட்டுத் தள்ளி, மருதமரங்கள் கூட்டமாக நிற்கும் இடத்தில் ஏணையைக் கட்டினார். குளத்திலிருந்து வந்த காற்று இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் இரண்டு தோணிகள் வலை இழுத்துக்கொண்டிருந்தன.

நான் சட்டையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தேன். துணி வழுக்கிக்கொண்டு பின்னால் போக, கால் மேலே வர, மற்றப் பக்கத்தால் மண்ணில் விழுந்தேன். அடி படவில்லை. ஆனால் இரண்டு காலும் இன்னும் ஏணைக்குள்ளேயே கிடந்தன. மச்சாள் என்னைத் தூக்க வந்து, சிரிப்புத் தாங்காமல் பக்கத்திலேயே குந்திவிட்டார். எனக்கும் சிரிப்பு. இரண்டு கிழவிகள் குளத்தடியில் கண்ணீர் வரச் சிரிப்பதைத் தோணிக்காரர் திரும்பிப் பார்த்தனர்.

"ஓரத்தில இருக்கக்கூடாது. துணியை விரிச்சு நடுவில இரும். ஓ, அப்பிடி. இப்ப காலைத் தூக்கிப் போடும்."

படுத்தேன். முதுகு வளைந்து நாடி நெஞ்சில் முட்டியது. "இதிலயோ நீங்கள் நித்திரை கொள்ளுறியள்?" என்றேன்.

"நேராய்ப் படுத்தா அவிச்ச இறால் மாதிரிச் சுருண்டுதான் கிடப்பீர். குறுக்காலை படும். தலையை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளும், காலை அந்தப் பக்கம்."

தலையை வலப்பக்கமும் காலை இடப்பக்கமும் நகர்த்தினேன். அவ்வளவுதான் செய்தேன். துணி ஒரு பக்கமாக விரிந்து கொடுத்தது, முதுகு நிமிர்ந்தது. மச்சாள் கால்பக்கப் பட்டியை மரத்தில் ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிட்டு, தன் துவாயை உருட்டி என் முழங்காலுக்குக் கீழே வைத்தார். பாயில் படுத்தால் எனக்கு இடுப்பெலும்பும் குதிக்காலும் நிலத்தை உணர்ந்துகொண்டே இருக்கும். இங்கே எந்த இடமும் எதிலும் அழுந்தவில்லை. கிணற்றுக்குள் மிதக்கப் பழகிய சின்ன வயதில் தண்ணீர் என்னைத் தாங்கியதுபோல, உடம்பு முழுவதையும் ஒரேயளவாக ஏதோ தாங்கிக்கொண்டிருந்தது.

"கையை விடும். ஏன் இறுக்கிப் பிடிச்சிருக்கிறீர்?"

ஓரத்தைப் பிடித்திருந்த கையை விட்டேன். காற்று ஏணையை மெல்ல ஆட்டியது. தோணியில் யாரோ யாரையோ ஏசுவது கேட்டது. என்ன சொல்கிறான் என்று கேட்க முயன்றேன். அவன் சொல்லி முடிக்க முன்னமே என் காது கேட்பதை விட்டிருக்கவேண்டும்.

கண் விழித்தபோது முதலில் எங்கே இருக்கிறேன் என்று விளங்கவில்லை. மச்சாள் மரவேரில் சாய்ந்து உட்கார்ந்து சோற்றுப்பார்சலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கனநேரமோ?"

"ரெண்டு தரம் வெயில் உம்மட முகத்துக்கு வந்தது. ரெண்டு தரமும் படங்கை மாத்திக் கட்டினனான். நீர் அசையேல்லை. பசிச்சிட்டுது, பொறுக்க ஏலாமல் தொடங்கிட்டன்."

நான் தூங்க, ஒருவர் விழித்திருந்து எனக்கு வெயில் பார்த்திருக்கிறார். பிள்ளைகள், கணவர், கோழிகள் என்று எல்லாருடைய நித்திரையையும் நான்தான் பார்த்துக்கொண்டு வந்தவள். முகத்தை மரப்பக்கம் திருப்பிக்கொண்டேன். நல்லவேளையாக மச்சாள், "வாரும், பொரியல் முடியப்போகுது," என்று கூப்பிட்டார்.

அதற்குப்பின் வெட்கம் குறைந்தது. மத்தியானச் சமையல் முடிந்ததும் மச்சாள் எனக்கு ஏணையை விட்டுக்கொடுப்பார். தானே போய்க் கோழிக்குத் தண்ணீர் வைப்பார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி முட்டை வாங்க வந்து நான் அதற்குள் கிடப்பதைக் கண்டாள். "ஏறுறது கஷ்டமோ?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த கிழமை அவளும் ஏறிப் பார்த்தாள். இறங்க மனமில்லாமல் கிடந்தவளை அவளுடைய புருசன் வேலியடியில் வந்து கூப்பிடவேண்டியிருந்தது.

மச்சாள் போகும்போது ஏணையை விட்டுவிட்டுப் போனார். தனக்கு அங்கே இன்னொன்று இருக்கிறதாம். வெயிலில் காயவிடக்கூடாது, மரத்தில் கயிறு கட்டக்கூடாது, பட்டையை அறுக்கும், பட்டிதான் போடவேண்டும் என்று வாகனத்தில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அறை மெத்தை என் கணவருக்குப் போனது. அவர் அதில் மல்லாந்து கிடந்து, இத்தனை காலமும் பாயில் ஏன் கஷ்டப்பட்டோம் என்று என்னைக் கேட்டார்.

மச்சாள் சொல்லித்தராத ஒன்றை நானே கண்டுபிடித்தேன். மார்கழியில் ஏணையில் குளிர் கீழேயிருந்துதான் வரும். மேலே எத்தனை போர்த்தாலும் முதுகு விறைக்கும். பழைய கம்பளியை முதுகுக்குக் கீழே விரித்துவிட்டு, அதன்மேல் படுத்தால் சுகம். இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "எனக்குத் தெரியும், சொல்ல மறந்திட்டன்," என்று கவலைப்பட்டார்.

இப்போது பின்னேரங்களில் நான் படுப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முந்தநாள் நித்திரைக்குள் கணவரின் குரல் கேட்டது. "இஞ்சேருமப்பா, சீனிப் போத்தல் எங்க?"

முன்பென்றால் எழும்பிப்போய் எடுத்துக் கொடுத்திருப்பேன். "அலுமாரியில, மேல்தட்டில, பருப்புக்குப் பின்னால," என்றேன், கண்ணைத் திறக்காமல்.

குசினியில் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்டது. எதுவும் உடையவில்லை. மற்றப் பக்கம் திரும்பவும் தேவையில்லாமல், அப்படியே விட்ட இடத்திலிருந்து தூங்கிப்போனேன்.