வாளித் தண்ணீரும் ஐஸ்காரியும்

சந்தையில் அவளுக்கு ஐஸ்காரி என்றுதான் பெயர். விற்பது மீன், ஆனால் மீனைவிட ஐஸுக்காகத்தான் மல்லுக்கு நிற்பாள். அவள் தட்டில் இறால்கள் குளிரில் விறைத்து, பள்ளிப் பிள்ளைகள்போல வரிசையாகக் கிடக்கும்.

அப்படிப்பட்டவளின் கடைக்குத்தான் தடை வந்தது. உணவுப் பரிசோதகர் வாங்கிப்போன இறாலில் ஒரு கிருமி இருந்ததாம். மறுசோதனையிலும் தவறினால் பதினெட்டு வருஷக் கடை கைவிட்டுப் போய்விடும்.

"என் ஐஸ்ல உட்கார்ந்தா அதுக்கு ஜன்னி கண்டிருக்குமே!" என்றாள்.

"குளிர்ல சாகாதும்மா, தூங்கும். ஆஸ்பத்திரி மாத்திரைக்கே பெப்பே காட்டற ரகம் இது. தினமும் செய்யற வேலைய ஒருதரம் செஞ்சு காட்டுங்க," என்றார் பரிசோதகர்.

எதிர்க்கடையில் நண்டு விற்கும் நாத்தனாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். ஐஸ்காரி மிடுக்காக ஒரு மீனின் செதிலைச் சீவினாள். கத்தியை வாளியில் முக்கினாள், அதே தண்ணீரில் பலகையை அலசினாள், அதிலேயே கொஞ்சம் கையால் அள்ளி இறால்மேல் தெளித்தாள்.

"இது எதுக்கு?"

"பளபளப்புக்கு. எல்லாரும் செய்யறதுதானே?"

"தண்ணிய எப்ப மாத்துவீங்க?"

"கலங்கினா."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் தெளிவாக, ஒரு பாவமும் அறியாததுபோல இருந்தது. பரிசோதகர் அதில் கொஞ்சம் குப்பியில் பிடித்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்: கிருமி அதில்தான் குடியிருந்தது.

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். "ஐஸ்ல சாமர்த்தியம், வாளியில கோட்டை விட்டுட்டியே அண்ணி!"

"சிரிக்காதடி. உன் வாளியக் கொண்டா, அதையும் பார்த்துடட்டும்."

சிரிப்பு நின்றது. நாத்தனார் ஓடிப்போய்த் தன் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"மாத்திரைக்குத்தான் இது அடங்காது, கொதிக்கிற தண்ணிக்கும் சோப்புக்கும் அடங்கிடும்," என்றார் பரிசோதகர். அது போதும் ஐஸ்காரிக்கு. கத்தி, பலகை, தட்டு எல்லாம் வெந்நீர் கண்டன. கழுவிய தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போயிற்று; இறால்மேல் ஒரு சொட்டு விழவில்லை.

மறுசோதனை முடிவு வந்த காலை, புருஷன் காகிதத்தை இரண்டு முறை வாசித்தான். "தேறிட்டே!"

"நிஜமாவா? இன்னொருதரம் படிங்க."

"நம்ம வீட்டுல பரீட்சையில தேறின மொத ஆளு நீதான்."

அவள் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினாள். நாத்தனார் ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அடியே, கையைக் கழுவினியா?" என்று கத்தினாள் ஐஸ்காரி. ஆனால் விலகவில்லை.