மாற்றி மாற்றிப் போட்ட டயர்

எங்கள் கார் ஒரு பக்கமாகவே இழுத்தது. மூன்று முறை வீல் அலைன்மென்ட் பார்த்தும் தீரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து என் தோள்தான் விட்டுப்போனது.

இருபது வருடம் லாரி ஓட்டிய என் வீட்டுக்காரர், "மாத்திப் போட்டா செரியாப் போயிரும்" என்று, உள்பக்கம் தேய்ந்த பின் டயர்களை அவ்வப்போது முன்னால் மாட்டிவிடுவார். முன்னால் தேய்ந்த டயரைப் பார்த்த மெக்கானிக்குகளும் முன் சக்கரங்களையே சரிசெய்து அனுப்பினார்கள்.

போன மாதம் மல்லசமுத்திரம் வளைவில் தூறலில் பிரேக்கை மிதித்தேன். காரின் பின்பக்கம் வழுக்கி, எதிரே வந்த பஸ்ஸின் குறுக்கே திரும்பியது. பஸ் டிரைவர் மண்ணில் இறக்கி ஒதுங்கியதால் பிழைத்தோம்.

திருச்செங்கோட்டில் ஒரு மெக்கானிக், "இந்த டயரு இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுங்க?" என்று கேட்டார். பின்னாலிருந்து மாற்றியதை வீட்டுக்காரர் சொன்னதும் பின் சக்கரங்களை அளந்து பார்த்தார்.

"எப்பவோ குழியில அடிச்சு, பின் சக்கரங்களைத் தாங்குற ஆக்ஸில் வளைஞ்சிருக்குதுங்க. பின்னால தேயறதை நீங்களே முன்னால மாட்டி மறைச்சுட்டீங்க."

ஆக்ஸிலை மாற்றிய பிறகு கார் நேராக ஓடுகிறது.

இப்போது மாதம் ஒருமுறை குனிந்து, பின் டயர்களின் உள்விளிம்பைத் தடவிப் பார்க்கிறேன். டயரைக் கழற்றினால், அது இருந்த இடத்தை அதன்மேலேயே சாக்பீஸால் எழுதிவிடுகிறேன். சாக்பீஸ் வாங்கி வந்ததே வீட்டுக்காரர்தான்.