முறைக்கு முந்திய சட்டை

நான் முதன்முதலாக ஒரு கூட்டத்தைச் சிரிக்கவைத்தபோது எனக்கு ஏழு வயது. இடம், தூத்துக்குடியில் சரக்கு இறக்கும் பாலம். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள் என்று என்னைச் சொல்வார்கள். தப்பு என்மேல் இல்லை. எங்கள் ஊரில் மழை எங்கே பெய்தது? படிப்புக்குப் பதிலாக எனக்குக் கண்ணும் வாயும் இருந்தன. இரண்டும் கூர்மை.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. பெரிய கப்பல்களுக்கு எங்கள் கடலில் ஆழம் போதாது. தூரத்திலேயே நின்றுவிடும். வள்ளங்கள் போய்க் கரியை அள்ளிவந்து பாலத்தில் இறக்கும். ரயிலுக்கும் மில்லுக்கும் கரி வேண்டும் என்று வள்ளங்களுக்கே முதல் முறை. கொழும்பிலிருந்து கொப்பரையோடு வந்த அப்பாவின் தோணி, கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காத ஏழைச் சொந்தக்காரன்போல ஒதுங்கி நின்றது. சுங்கக்காரர் பார்க்காமல் அதிலிருந்து யாரும் கரைக்கு வரக் கூடாது.

அம்மா தினமும் சீலா மீன் குழம்பு வைத்து, தூக்குச்சட்டியை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பாலத்துக்கு வருவாள். முறை வராது. குழம்பு என் வயிற்றுக்குப் போகும். முறை தள்ளிப்போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொன்னால் அது பொய்.

எந்தப் படகு எப்போது பாலத்தை அணைய வேண்டும் என்று கையைத் தூக்கிக் காட்டுபவர் ஒரு வயதான கணக்குப்பிள்ளை. எல்லோருக்கும் அண்ணாச்சி, எனக்குத் தாத்தா. அவர் கண்ணில் பூ விழுந்திருந்தது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று வெயில்மேல் பழி போட்டு, பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்டே காலத்தை ஓட்டினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, வெயிலு கண்ணக் கூசுது. ஒங்கப்பன் தோணிப் பாய்மரத்துல என்னமோ ஆடுதே, என்னது?"

"எங்கப்பா சட்டை, தாத்தா. நீலக் கோடு போட்டது."

"சட்டையா?" அவர் கை பாதி உயர்ந்தது. "காயப்போட்டதா, கட்டி ஏத்துனதா? நல்லாப் பாத்துச் சொல்லு."

கூலியாட்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவ்வளவு பேர் பார்த்தால் என் வாய் சும்மா இருக்குமா?

"அவருக்குத்தான் முறை வரலேல்லா. அதான் சட்டைய மட்டும் முன்னால அனுப்புதாரு."

பாலமே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்து, "வாயப் பாரு இவளுக்கு" என்றார். உயர்ந்த கை திரும்பி, அடுத்த கரி வள்ளத்தைக் கூப்பிட்டது.

மறுநாள் காலையில் தோணிக்கு முறை வந்தது. அப்பாவை நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். அதே சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். உப்புக் காற்றில் அது அப்பளமாக விறைத்திருந்தது.

தோணியை ஓட்டிவந்த தண்டல் அண்ணாச்சிமுன் வந்து நின்றார்.

"வாந்தியும் பேதியுமாக் கெடந்தான். ராத்திரி அடங்கிட்டான். நேத்து மத்தியானமே சட்டைய ஏத்துனமே அண்ணாச்சி, பாக்கலியா?"

சாகக்கிடக்கிறவனின் சட்டையைப் பாய்மரத்தின் பாதியில் கட்டுவது தோணிக்காரர்களின் வழக்கமாம். அதைக் கண்டால் கரியானாலும் காத்திருக்க வேண்டும். அந்தத் தோணிக்கே முதல் முறை.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். பிறகு அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங் கண்ணு அவிஞ்சு போயி ரெண்டு வருசமாச்சுடே. சட்டை தெரியல எனக்கு. யாரும் சொல்லவுமில்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீலக் கோடுவரைக்கும் நான்தானே சொன்னேன்?

"தாத்தா பொய் சொல்லுதாரு. நான்..."

அம்மா என் வாயைப் பொத்தினாள். விடியற்காலையில் அலசிய சீலா மீனின் வாடை அவள் கையில் இருந்தது. மூச்சு முட்டும்வரை பொத்தினாள். திமிறினேன், விடவில்லை.

அண்ணாச்சியை மறுநாளிலிருந்து பாலத்தில் காணவில்லை. பொய் சொன்னதற்குச் சாமி கொடுத்த தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அதன்பிறகு நான் எதைச் சொன்னாலும் சிரிப்பதில்லை. என் வேடிக்கை சலித்துவிட்டது போலிருக்கிறது என்று, இன்னும் நல்லதாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அப்பா சட்டையை அனுப்புகிறார் என்று நான் சொன்னபோது பாலத்தில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் அவள்தானே.