தண்ணீர் கொடுத்த வில்லன்

நிலத்தடி நீரைத் திருடும் அரசியல்வாதியைப் பற்றி நெல்லித்தோப்பு மாடி அறையில் உட்கார்ந்து ஒரு த்ரில்லர் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். வில்லனுக்குத் துப்பாக்கி, அடியாட்கள், கறுப்புக் கண்ணாடி கார் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். அப்படியும் அவன் உருப்படவில்லை. எரிச்சலாக வந்தது.

கதைக்கான கருவே என் அக்காவுடையதுதான். டவுனைத் தாண்டி ஒரு கிராமத்தில் அவளுக்குக் கொஞ்சம் நிலம். பக்கத்து நிலத்தை வாங்கிய உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் ஆழமாகப் போர்வெல் போட்டு, லாரி லாரியாகத் தண்ணீரை லாட்ஜுகளுக்கு விற்றார். அக்காவின் கிணற்று மோட்டார் காற்றைத்தான் இறைத்தது. நட்ட பயிர் காய ஆரம்பித்தது. புகார் கொடுக்கலாம், நானும் வருகிறேன் என்று தினமும் போனில் கத்தினேன். பேத்தி காதுகுத்து முடியட்டும் என்றாள்.

காதுகுத்துக்குப் போனால் தெருமுனையில் பெரிய பேனர். குழந்தை ஓரத்தில் ஸ்டாம்பு அளவுக்கு இருந்தது. நடுவில் கும்பிட்ட கையோடு அந்தப் பிரமுகர். தண்ணீர் தந்த வள்ளலுக்கு நன்றி என்று கீழே அக்கா குடும்பத்தின் பெயர். எங்கள் பக்கம் தலைவர் படம் இல்லாமல் விசேஷ பேனர் வைத்தால் சொந்தக்காரர்கள் மதிக்க மாட்டார்கள், தெரியும். அதற்கு இந்த ஆள்தானா கிடைத்தார்?

"சமையலுக்குத் தண்ணி இல்லடா. ஒரு வார்த்த சொன்னேன், லாரி அனுப்பிட்டாரு. காசு கூட வாங்கல. படம் போடலன்னா நல்லாவா இருக்கும்?"

"அக்கா, அது உன் கெணத்துத் தண்ணி."

"தெரியும்டா. பந்தியில உக்காந்தவங்ககிட்ட அத சொல்ல முடியுமா?"

மறுவாரம் புகார் கொடுக்க இருவரும் நிலத்தடி நீர் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் செல்போனை எங்கள் பக்கம் திருப்பினார். யார் அனுப்பியதோ, அதே பேனர்.

"தண்ணி குடுத்தாருன்னு நீங்களே போட்டிருக்கீங்க. அப்புறம் அவரு மேலயே புகாராம்மா?"

அக்கா புகார் மனுவை மடித்துப் பையில் வைத்தாள். நான்தான் கத்தினேன். கத்தியதற்குப் பலன், வாட்ச்மேன் வந்து எங்களை வெளியே அனுப்பினார். என் வில்லன் துப்பாக்கியோடு அத்தனை அத்தியாயம் அலைந்தும் சாதிக்காததை இந்தப் பிரமுகர் ஒரு லாரித் தண்ணீரில் முடித்துவிட்டார்.

பயிர் மொத்தமும் போயிற்று. நிலத்தை விற்றுவிட அக்கா ஆள் தேடினாள். தண்ணீர் இல்லாத நிலத்தை யார் வாங்குவார்கள்? அந்தப் பிரமுகர் மட்டும் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

அக்கா எழுந்து அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.