முள் இல்லாத ரப்பர் புழு

"உனக்கு வேற வேலை இல்லையாடி? அந்த ஆளப் பத்தி இன்னாத்துக்குக் கேக்குற? சொன்னா தூங்க மாட்ட. சரி, கேட்டுத் தொல," என்று பேத்தியிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

தை மாதப் பனியில் கோட்டை அடிவாரத்து ஏரியில் விரால் ஒன்றும் சிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த என் மகளோ நாலு நாளாகச் சோறு தொடாமல் விரால் குழம்புதான் கேட்டாள்.

கரையில் ஒல்லியாக ஒருவர், டப்பா நிறைய, தூண்டிலில் மாட்டும் ரப்பர் புழுக்களோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்.

"இன்னாப்பா, பொண்ணு பாக்குறியா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "குளுருல மீன் தொரத்தாது ஆயா. மெத்துனு வாயண்ட போய்க் கெடக்கணும்."

சேற்று நிறத்தில் ஒன்றைத் தேர்ந்து வீசினார். அசைக்கவே இல்லை. முழங்கை நீள விரால் ஒன்று புழுவைக் கவ்வியபடி கரைக்கு வந்தது. புழுவை உருவினார். அதில் தூண்டில் முள்ளே இல்லை.

"முள்ளு எங்கப்பா?"

"எதுக்கு ஆயா? அதுதான் வுட மாட்டேங்குதே."

மீனை என் கையில் கொடுத்தார். அது துள்ளவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நான் அந்தக் குழம்பைத் தொடாமல் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், "சந்தைல வாங்குனேன். செத்த மீனுதான்" என்று சொல்லிவிட்டேன்.