விளக்கு நடனமும் வெத்து பிளாஷும்

அசையாமல் நிற்பவனை வெளிச்சத்தில் படம் எடுப்பதற்குப் பெயர் போட்டோ தொழில்; ஆடுகிறவளை இருட்டில் படம் எடுப்பதற்கு நான் வைத்திருக்கும் பெயரை அச்சில் போட மாட்டார்கள். மேடைக்குக் கீழே முழங்காலைத் தேய்த்து, முன்வரிசைக்காரர்களிடம் "தலையக் குனியும்வே" என்று ஏச்சு வாங்கி, டார்க் ரூமில் வெறும் கண்ணாடியாக வந்த நெகடிவைத் தூக்கிப் பார்த்து வயிறெரிந்த சக பாவிகள் யாராவது இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. நாம் சேர்ந்து கோபப்படுவோம் என்றுதான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்தில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. போட்ட முதல் சுப்பையா அண்ணாச்சியுடையது, முழங்கால் என்னுடையது. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட விழா எல்லாவற்றுக்கும் நான்தான் போவேன். கூடவே அண்ணாச்சியும் வருவார். வராமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க வேண்டாம்.

எரியாத விளக்கு

பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். வேலை டிரில் டீச்சர். ஆனால் பாளையங்கோட்டையில் முறையாகப் பரதம் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர் திங்கட்கிழமை சலங்கை கட்டுவதா என்று அவருடைய சபையிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆண்டு விழாவில் அவர் அமைத்த விளக்கு நடனம்தான் கடைசி நிகழ்ச்சி. மேடை விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் விளக்கை ஏந்திப் பிள்ளைகள் ஆடுவார்கள். பார்க்கிறவர்கள் மூச்சுவிட மறந்துவிடுவார்கள்.

அதை நாங்கள் பிளாஷ் போட்டு எடுத்தோம். பிளாஷ் வெளிச்சத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்குச் சுடர் எம்மாத்திரம்? படத்தில் சுடரைக் காணவே காணோம். பின்சுவரின் காரை பெயர்ந்த இடம் மட்டும் அருமையாக விழுந்திருந்தது. நடுவில் நின்று ஆடிய கோமதியின் அப்பா, ராஜபாளையம் ரோட்டில் உரக்கடை வைத்திருப்பவர், பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளாஷ் இல்லாமல் எடுத்திருக்க வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டார்: "எம் மக அம்புட்டு நேரமும் அணைஞ்ச வெளக்கையா ஏந்திக்கிட்டு ஆடுனா?"

அண்ணாச்சியின் இரண்டாவது கேமரா

எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. பிளாஷ் அடித்தால்தான் படம் எடுத்ததாக அர்த்தம். அடிக்காவிட்டால் போட்டோக்காரன் ஏமாற்றுகிறான். ஒரு விழாவில் பொன்னாடை போர்த்துகிறவர்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவரும் போர்த்திவிட்டுக் கையை எடுக்காமல் கேமரா இருக்கும் பக்கம் திரும்பி நிற்பார்கள். அத்தனை பேரையும் எடுக்க எந்தப் பிலிம் ரோல் தாங்கும்?

அதற்கு அண்ணாச்சி கண்டுபிடித்த வழிதான் இரண்டாவது கேமரா. பழைய ரெட்டைக் கண் கேமரா. உள்ளே பிலிம் கிடையாது, மேலே பிளாஷ் உண்டு. யார் திரும்பி நின்றாலும் பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டுவார். ஆளும் திருப்தியாக இறங்கிப் போவார். பிறகு பிரிண்ட் கேட்டு யாரும் வந்ததில்லை. இதற்கு எங்களுக்குள் வெத்து பிளாஷ் என்று பெயர். இது மோசடி இல்லையா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவருக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. "படம்ங்கது ரெண்டாவதுவே. மொதல்ல அவன் மூஞ்சியில வெளிச்சம் விழணும்" என்றார்.

டீச்சர் கேட்டது

அடுத்த வருஷம் ஆண்டு விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஸ்டெல்லா டீச்சர் ஸ்டுடியோவுக்கு வந்தார். மெட்ராஸில் நடனக் கல்லூரி ஒன்றில் கோமதியைச் சேர்க்க முயற்சி செய்துகொண்டிருந்தார். அங்கே முதலில் படம் கேட்கிறார்களாம். ஸ்டுடியோவில் நிறுத்தி எடுத்த படம் கூடாது, ஆடும்போது எடுத்ததுதான் வேண்டும். அதைப் பார்த்துப் பிடித்திருந்தால் நேரில் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் மகளை அனுப்புகிறேன் என்று உரக்கடைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். கூப்பிடாவிட்டால் வாசுதேவநல்லூரில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

ஆண்டு விழாவை விட்டால் அந்தப் பெண் மேடை ஏற வேறு வாய்ப்பு இல்லை. போன வருஷம் மாதிரி பிளாஷ் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நிறைய வெளிச்சத்தை உள்ளே விடுகிற லென்ஸ் ஒன்று வாங்கினால் பிளாஷ் இல்லாமலே எடுத்துவிடலாம் என்றேன். ஆடும்போது கொஞ்சம் நின்றால் சுலபம் என்றும் சொல்லிவைத்தேன். டீச்சர் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தார். "ஆடும்போது எடுங்க தம்பி. நிக்கும்போது எடுக்கதுக்கு எங்க வீட்டுலயே கேமரா இருக்கு."

நாலு பெரிதா, ஒன்று பெரிதா

லென்ஸ் வாங்க அண்ணாச்சி மதுரைக்குக் கிளம்பினார். பஸ் ஏறும்வரை கூடவே நடந்து சொன்னேன். லென்ஸின் வளையத்தில் ஒரு எண் போட்டிருக்கும், அந்த எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெரிதாக லென்ஸ் திறக்கும், ஒன் பாயின்ட் எய்ட் என்று கேளுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்றேன். தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

சாயங்காலம் வந்து மேஜைமேல் வைத்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு ஜூம் லென்ஸ். வளையத்தில் நாலரை என்று போட்டிருந்தது. பட்டப்பகலில் கிரிக்கெட் மாட்ச் எடுக்கலாம். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அதற்குக் கண் தெரியாது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. படித்துப் படித்துச் சொன்னேனே என்று கத்தினேன். அவர் லென்ஸைத் துண்டால் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்: "நீரே சொல்லும்வே, நாலு பெருசா, ஒண்ணு பெருசா?"

மதிப்பில்லாத லென்ஸ்

மறுநாள் அந்தப் பீரங்கியை மடியில் வைத்துக்கொண்டு நானே மதுரைக்குப் போனேன். கடைக்காரர் மாற்றித் தர ஒத்துக்கொள்ளவே மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் கண்ணாடி அலமாரியின் மூலையிலிருந்து நான் கேட்டதை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன லென்ஸ். கொண்டுபோயிருந்த கேமராவில் மாட்டிப் பார்த்தேன். கடையின் இருண்ட உள்ளறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆளின் மீசை நுனி தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கடைக்காரருக்கு என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. கல்யாண வேலையெல்லாம் உண்டா என்று விசாரித்தார். உண்டு என்றேன். பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இத மாட்டிட்டுப் போய் நின்னா உங்கள போட்டோக்காரர்னு ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க சார்."

ஒரு மூச்சு

ஒத்திகைக்குப் போய் ஒரு ரோல் எடுத்தேன். குறைந்த வெளிச்சத்திலும் பதிகிற வேகமான பிலிம் போட்டு, டெவலப்பரில் கூடுதல் நேரம் ஊறவைத்துப் பார்த்தேன். சுடர் விழுந்திருந்தது. முகமும் விழுந்திருந்தது. ஆனால் முகத்தில் மூக்கு இரண்டு இருந்தது. இருட்டில் ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் ஆடுகிறவள் அடுத்த அடிக்குப் போய்விடுகிறாள். போதாததற்கு, படம் முழுக்க மணலை அள்ளி வீசியது போலப் புள்ளி வேறு.

மறுபடி போனேன். கெஞ்சுகிற குரலில், நடுநடுவே கொஞ்சம் நிற்க முடியுமா என்று கோமதியிடம் கேட்டேன். டீச்சர் முறைத்தார். கோமதி முறைக்கவில்லை. அவளுக்கு இந்தப் படம் எதற்கு என்று தெரியும். ஒவ்வொரு அடிக்கோர்வையையும் முடித்துவைக்கும் தீர்மானத்தைக் கையில் தாளம் போட்டுக் காட்டினாள். "ஒவ்வொரு தீர்மானம் முடியையிலயும் ஒரு மூச்சு நிப்பேன் அண்ணே. அது ஆட்டத்துலயே உள்ளதுதான். நீங்க எனக்காகக் காத்திருங்க" என்றாள்.

மேடையில் நடந்தது

விழா அன்று சாயங்காலமே மேடைக்குக் கீழே இடம் பிடித்துவிட்டேன். விசைத்தறிகள் எல்லாம் ஓடுகிற நேரம், ஊர் முழுக்க லோ வோல்டேஜ். டியூப்லைட்டுகள் கண்ணடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை, எப்படியும் அணைக்கப் போகிறார்கள். அணைத்தார்கள். கோமதி வந்தாள். நான் தாளத்தை வாயால் எண்ணிக்கொண்டே காத்திருந்தேன். தீர்மானம் முடிந்தது, நின்றாள், அமுக்கினேன். அடுத்ததிலும் அமுக்கினேன். படம் விழுந்துவிட்டது என்று விரலுக்கே தெரிந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து கோமதியின் அப்பா, பிளாஷ் அடிக்கவில்லையே என்று சத்தம் போட்டார். பின்னாலிருந்து இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினேன். ஸ்டுடியோவின் மானம் போகிறது என்று அண்ணாச்சிக்குப் பட்டிருக்க வேண்டும். மேடை ஓரத்துக்கு ஓடிப்போய் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகப் பளிச்சென்று அடித்தார். அவள் ஒற்றைக் காலில் திரும்பிக்கொண்டிருந்தாள். கண் இருண்டு, இடது கை விளக்கு சாய்ந்து, சூடேறிய எண்ணெய் மணிக்கட்டு வழியாக ஓடியது. விளக்கைக் கீழே போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி முடித்தாள். ஜனங்கள் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் டீச்சர் அவள் கையைத் தண்ணீர் வாளிக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். என் ஆயுளில் வேறு யார் சட்டையையும் பிடித்ததில்லை. ஒரு பிள்ளையின் கையைப் பொசுக்கி ஒரு படம் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டார். "ஏம்வே இந்தக் கத்து கத்துதீரு? அதுல ரோலே கிடையாது."

எந்த முத்திரை

பிளாஷுக்கு முன்னால் எடுத்ததில் ஒரு படம் அப்படியே இருந்தது. இரண்டு சுடரும் அவள் முகவாயைக் கீழிருந்து தொட்டிருந்தன. நெற்றியில் வேர்வை மின்னியது. விரல் நுனிகள் மட்டும் லேசாகக் கலைந்திருந்தன. அடுத்த அடிக்குப் போக அவை தயாராகிவிட்டன. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தினார். கோமதியின் அப்பா பார்த்துவிட்டு, மகள் கறுத்துப்போய்விட்டாள், சுவர்கூடத் தெரியவில்லை, இதையா மெட்ராஸுக்கு அனுப்புவது என்று தூர வைத்தார். கல்லூரி கேட்டது இதைத்தான் என்று டீச்சர் எடுத்துச் சொன்னார். தன் மகளைத் தனக்குத் தெரியாதா என்று கேட்டார் அவர்.

மறுநாள் அவர் பிடிவாதத்தால் ஸ்டுடியோவில் வந்து நின்றாள் கோமதி. பின்னால் மலையும் அன்னமும் வரைந்த படுதா. முகத்தில் அப்பிய பவுடர். எண்ணெய் கொட்டிய இடம் தெரியாமல் வரிசையாக வளையல். படுதா பற்றிக்கொள்ளும் என்று அண்ணாச்சி விளக்கை ஏற்றவிடவில்லை. ஆக இந்த முறை விளக்கு நிஜமாகவே அணைந்திருந்தது. நான் பிளாஷை மாட்டினேன். கையை எந்த முத்திரையில் வைக்க வேண்டும் என்று கோமதி என்னிடம் மெல்லக் கேட்டாள். நாற்காலியிலிருந்து அவள் அப்பா சொன்னார்: "எதுலயாவது வையி ஏட்டி. மூஞ்சி தெரிஞ்சாப் போதும்."

வந்த சேதி

தபாலில் சேர்க்கும் பொறுப்பு டீச்சருடையது. அனுப்புகிற அன்றைக்கு அவர் வந்து, விளக்கு வெளிச்சத்தில் எடுத்த அந்தக் கறுப்புப் படத்தில் இன்னொரு பிரிண்ட் வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். கவரிலிருந்து ஸ்டுடியோ படத்தை என் கண்முன்னாலேயே எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, கறுப்புப் படத்தை உள்ளே வைத்து ஒட்டினார்.

மெட்ராஸிலிருந்து கூப்பிட்டார்கள். போய் ஆடிக் காட்டினாள். இடமும் கிடைத்தது. உரக்கடைக்காரர் மகளையும் டீச்சரையும் கூட்டிக்கொண்டு கருப்பட்டி மிட்டாயோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். ஷோகேஸில் அண்ணாச்சி பெரிதாக்கி மாட்டியிருந்த அன்னப் படத்துக்கு முன்னால் நின்று, இந்தப் படத்தைப் பார்த்ததும் மெட்ராஸ்காரன் அசந்துவிட்டானாமே என்று தானாகவே ஒரு கதை சொன்னார். அண்ணாச்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு ஆமோதித்தார். எந்தப் படம் போனது என்று சொல்ல நான் வாயைத் திறந்தும்விட்டேன்.

அவருக்குப் பின்னால் டீச்சர் வேண்டாம் என்று மிக லேசாகத் தலையை அசைத்தார். கோமதி குனிந்து வளையலை மணிக்கட்டின் வடுமேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். படிக்கப் போக அவள் இன்னும் பஸ் ஏறவில்லை. தன்னைக் கேட்காமல் கறுப்புப் படம் போனது தெரிந்தால் அந்த மனிதர் அவளை ஏற விடமாட்டார், டீச்சரையும் பள்ளிக்கூடத்தில் நிம்மதியாக விடமாட்டார். உரக்கடைக்காரர் என் தோளில் தட்டினார். "பாத்தீராவே? என்ன இருந்தாலும் பிளாஷு பிளாஷுதான்."

உரக்கடைக்காரரிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டு மிட்டாயை வாங்கிக்கொண்ட எனக்கு அன்றைக்குத் தெரிந்தது இதுதான்: இருட்டில் ஆடுகிறவளைப் படம் எடுக்க நன்றாகத் திறக்கிற லென்ஸ் ஒன்றும், அதைவிட நன்றாக மூடிக்கொள்கிற வாய் ஒன்றும் வேண்டும்.