கீழே காத்திருக்கும் செங்கல்

வளப்பூர் நாடு என்ற மலையூரில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறேன். சாலையை ஒட்டிய தோட்டத்தில், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணி சாய்ந்திருக்கிறது. அடியில் ஒரு புதுச் செங்கல். மிளகு பறிக்க வந்த பெண் அதைத் தொட்டுவிட்டு, கண்மூடிச் சற்று நேரம் உட்கார்கிறார்.

பக்கத்தில் போய், "சாமி கும்பிடறீங்களா?" என்கிறேன்.

"இல்லீங்க. முள்ளுக்குறிச்சியில புத்தர் தியானம் சொல்லிக் குடுத்தாங்க. மூச்சக் கவனிக்கிறேன்."

"செங்கல்?"

"அது நான் கட்டப்போற ஊடுங்க." சிரிக்கிறார். "இந்த மிளகுலதான் அது எழும்போணும். போன வருசம் ஏணியில நின்னுக்கிட்டே, வாசக்கால எந்தப் பக்கம் வெக்கலாம்னு யோசிச்சேன். கால் வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு போச்சு. அதான், ஊட்ட இங்கயே இருக்கச் சொல்லிட்டு நான் மட்டும் ஏறுறனுங்க."

தியானம் என்றால் ஆசையை விடு என்பார்கள். கைப்பேசியைத் திறந்தால், மனசார நினைத்தாலே செல்வம் கொட்டும் என்கிறார்கள். இரண்டுமே எனக்கு எரிச்சல். இவரோ ஆசையைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்.

மேலே அவர் விரல்கள் ஒவ்வொரு சரமாகத் தொட்டுப் பார்க்கின்றன. ஒரு மணியாவது சிவந்திருந்தால்தான் பறிக்கிறார். முழுப் பச்சையாக இருப்பதை அப்படியே விட்டுவிடுகிறார்.

பஸ் வந்துவிடுகிறது. "வாரேனுங்க" என்று கத்த வாயைத் திறந்தவன் மூடிக்கொள்கிறேன். குனிந்து, செங்கல்லிடம் அதையே மெதுவாகச் சொல்லிவிட்டு ஓடுகிறேன்.